பாறை சொன்ன பெயரும் சொல்லாத பெயரும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு மார்க் கேள்வி. குடுமியான்மலை இசைக் கல்வெட்டை வெட்டுவித்தவர் யார்? முதலாம் மகேந்திரவர்மன். புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர்கள் இந்தப் பதிலைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொள்ளும். காஞ்சியில் இருந்த பேரரசன் நம்மூர்ப் பாறையைத் தேடி வந்தானே என்கிற பெருமை அது. அந்தப் பெருமையில் குறுக்கிடுவது எனக்கும் சங்கடம்தான். ஆனால் பாறையில் மகேந்திரன் பெயர் கிடையாது. பல்லவன் என்ற சொல்லும் கிடையாது. ஓர் ஆசிரியரின் பெயர் இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

கல்வெட்டு இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதன் மேல் ஒட்டிய பெயர்தான் நூறு வருஷமாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அண்ணா பண்ணையும் வேளாண் கல்லூரியும் உள்ள ஊர் என்றால் விவசாயிகளுக்குச் சட்டென்று பிடிபடும். பழைய பெயர் திருநலக்குன்றம். சிகாநாதசாமி கோயிலுக்கு வருகிறவர்கள் முன்மண்டபத்துத் தூண் சிற்பங்களிலேயே பாதி நேரத்தைக் கழித்துவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் குன்றின் சரிவில் குடைந்த சின்னக் குகைக்கோயிலுக்கு மேலைக்கோயில் என்று பெயர். குகைக்குத் தெற்கே ஒரு வலம்புரி விநாயகர். குகைக்கும் விநாயகருக்கும் நடுவே பாறை முகத்தைச் சீராக்கி, ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில் எழுத்துகளை வெட்டியிருக்கிறார்கள்.

முதல் பார்வைக்கு அது கல்வெட்டு போலவே இருக்காது. கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் எழுத்து இடைவெளி விடாமல் ஓடும். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கி, அரசனைப் புகழ்ந்து, நிலத்தின் நான்கு எல்லை சொல்லி, கெடுத்தவனுக்குச் சாபம் கொடுத்து முடியும். இங்கே அப்படி இல்லை. நான்கு நான்கு எழுத்தாக, நடுவில் இடைவெளி விட்டு, வரிசையும் பத்தியுமாக நிற்கிறது. பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டு அட்டை மாதிரி. 38 வரிகள். பல்லவ கிரந்த எழுத்து. தொடக்கத்தில் சித்தி வேண்டுதலும் சிவ வணக்கமும். பிறகு ஏழு பகுதிகள். மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு. ராகம் என்று இன்று நாம் சொல்வதற்கு மூதாதையான கிராம ராகங்கள் இவை. இதே ஏழையும் நாரதீய சிட்சை என்ற பழைய நூலும் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவர் காலத்தில் இவை பழங்கதை ஆகிவிட்டிருந்தன.

ஒவ்வொரு பகுதிக்குள்ளும் உட்பிரிவுகள். ஓர் உட்பிரிவில் பதினாறு கூட்டங்கள், கூட்டத்துக்கு நான்கு ஸ்வரம். ஆக 64. ஓர் உட்பிரிவில் எல்லாக் கூட்டமும் ஒரே ஸ்வரத்தில் போய் நிற்கும். ஸ்வரத்தைக் குறிக்கும் எழுத்தில் இன்னொரு விநோதம் உண்டு. ரிஷபம் என்றால் ரி என்று ஓர் எழுத்தோடு முடியவில்லை. ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறிக்கொண்டே வருகிறது. மத்யமமும் அப்படியே: ம, மி, மு, மெ. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும்கூட இந்த நாலு வேஷம் உண்டு. அந்தர காந்தாரத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் தனி எழுத்துகள். சில ஸ்வரங்களின் தலையில் புள்ளி வேறு.

எல்லாம் முடிந்த பிறகு சமஸ்கிருதத்தில் ஒரு முடிவுரை. ருத்ராச்சாரியாரின் மாணவனும் மகேசுவரனுக்குப் பரம பக்தனுமான அரசன், மாணவர்களின் நன்மைக்காக இந்த ஸ்வராகமங்களைச் செய்தான் என்பது அதன் சாரம். அதற்கும் கீழே தமிழில் ஒரே ஒரு வரி: எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய.

எந்த அரசன், எந்த ஆட்சியாண்டு என்ற விவரமே இல்லை. தமிழ்நாட்டுக் கல்வெட்டு வழக்கத்தில் இது சாதாரண மௌனம் அல்ல.

1904இல் சென்னைக் கல்வெட்டுத் துறை இதற்குக் கொடுத்த எண் 354. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் சமஸ்தானம். கல்வெட்டுப் படி எடுப்பதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். பாறையைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்படி தூரிகையால் அடித்துக்கொண்டே போக வேண்டும். அரை ஈரத்தில் மைப்பொதியை ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெளுக்கும். வெயில் ஏறினால் தாள் உரிந்துகொள்ளும், காற்றடித்தால் கிழியும். இத்தனை பெரிய பரப்புக்கு ஒரு தாள் போதாது. ஒட்டுத்தாள்களில் ஒரு புள்ளி விடுபட்டாலும் ஸ்வரம் மாறிப்போகும். நிலதானக் கல்வெட்டில் ஓர் எழுத்து தெளியாவிட்டால் சூழலை வைத்து ஊகிக்கலாம். 'ரு'வா 'ரெ'யா என்று ஊகிக்க இங்கே எந்தச் சூழலும் கிடையாது.

அந்தப் படி வடக்கே போனது. பி. ஆர். பண்டார்க்கர் வாசித்து, 1913-14க்குரிய எபிகிராஃபியா இண்டிகா 12ஆம் தொகுதியில் பாடத்தோடு வெளியிட்டார். எழுத்தமைதியை வைத்து 7ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். இந்திய இசையில் இவ்வளவு பழைய, இவ்வளவு நீண்ட ஸ்வரக்குறிப்பு கல்லில் வேறெங்கும் இல்லை என்பதால் இசை ஆராய்ச்சியாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்து எழ வேண்டிய கேள்வி எழுந்தது. 7ஆம் நூற்றாண்டு, பல்லவ கிரந்தம், சிவபக்தன், அரசன், இசை தெரிந்தவன். யார்?

பதில் வந்து சேர்ந்த நேரமும் அதற்கு வசதியாக அமைந்தது. 1917இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி 'மத்தவிலாசப் பிரஹசனம்' நாடகத்தைப் பதிப்பித்தார். ஆசிரியர் மகேந்திரவர்மன். குடித்துவிட்டு உளறும் காபாலிகனை மேடையேற்றிய அரசன்! மாமண்டூரில் சிதைந்து கிடந்த கல்வெட்டு ஒன்றிலும் அந்த நாடகத்தின் பெயரும் இசை தொடர்பான சில சொற்களும் தேறின. சித்திரகாரப்புலி என்ற பட்டம் ஓவியத்துக்குச் சாட்சி சொன்னது. சங்கீர்ணஜாதி என்ற பட்டத்தைத் தாளத்தோடு தொடர்புபடுத்தினார்கள். திருச்சி மலைக்கோட்டைக் குகையில், குணபரன் என்ற பட்டப்பெயரில் அவன் சிவனிடம் திரும்பிய செய்தி இருக்கிறது. அப்பர் கதையோடு அது பொருந்திவிட்டது. முடிவுரையில் மகேசுவர பக்தனைக் குறித்த பரம மாகேசுவரன் என்ற சொல்லுக்கும் ஆள் கிடைத்தாயிற்று.

புதுச்சேரியிலிருந்து பல்லவர்களைத் தேடித் திரிந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், 1920 வாக்கில் சித்தன்னவாசல் ஓவியங்களையும் மகேந்திரன் கணக்கில் எழுதினார். சித்தன்னவாசல் குடுமியான்மலைக்குப் பக்கத்து ஊர்தான். ஓவியமும் இசையும் ஒரே வட்டாரத்தில், ஒரே கலைஞன் பெயரில். 1938இல் வந்த சி. மீனாட்சியின் பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய நூல் இசைக் கல்வெட்டை விரிவாக ஆராய்ந்து, மகேந்திரனையே ஆசிரியனாகக் கொண்டது. அந்நூல் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. அது சான்றுகளை அடுக்கும் ஒழுங்கு அலாதியானது. அதன் பிறகு கல்கி வந்தார். 'சிவகாமியின் சபதம்' வாராவாரம் வீட்டுத் திண்ணைக்கு வந்த பிறகு, மகேந்திரவர்மர் தமிழ்நாட்டின் கலை மன்னராகிவிட்டார். நாவல் படித்து வளர்ந்த ஒரு தலைமுறைதான் பாடப்புத்தகமும் எழுதியது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு துண்டும் உண்மையான துண்டுதான். ஆனால் துண்டுகளைச் சேர்த்த பசை, 'இவ்வளவு கலை தெரிந்த அரசன் வேறு யார் இருந்திருக்க முடியும்?' என்ற எண்ணம். பெயர் தெரிந்தவர்களுக்குள்ளேயே தேடினால் பெயர் தெரிந்த ஒருவர்தான் கிடைப்பார்.

மறுப்புகளும் மெல்ல வந்தன. 1964இல் பல்லவர் குடைவரைகளைப் பற்றி எழுதிய கே. ஆர். சீனிவாசன் போன்றவர்கள் மகேந்திரனின் கட்டடக் கணக்கைக் கறாராகப் போட்டார்கள். அவன் பெயர் சொல்லும் குடைவரைகளில் தெற்கே கடைசியாக இருப்பது திருச்சி மலைக்கோட்டை. அதைத் தாண்டிப் புதுக்கோட்டைப் பகுதியில் அவன் பெயரோ பட்டமோ உள்ள ஒரு கல்லும் இல்லை. மேலைக்கோயில் குகையின் பழைய கல்வெட்டு, மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் காலத்தது. இந்தப் பகுதியின் குகைகளைப் பாண்டியருக்கும் முத்தரையருக்கும் உரியவை என்று இன்று பலரும் கொள்கிறார்கள். கிரந்த எழுத்தும் பல்லவனின் முத்திரை ஆகாது. பல்லவ கிரந்தம் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே தவிர, சமஸ்கிருதம் எழுத வேண்டியபோது பாண்டியரும் அதைத்தான் எடுத்தார்கள். சிவபக்தனான அரசனுக்கோ இந்த நாட்டில் பஞ்சமே இருந்ததில்லை.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது மகேந்திரனின் குணம். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை ஆக்கினான் என்று மண்டகப்பட்டில் எழுதிவைத்தவன் அவன். பல்லாவரத்திலும் திருச்சியிலும் தன் பட்டங்களை வரிசையாகச் செதுக்க வைத்தவன். தூணைக் கண்டால் பெயர் எழுதாமல் நகர மாட்டான். அப்படிப்பட்டவன் 38 வரி ஸ்வரம் வெட்டிவிட்டு, கடைசியில் 'அரசன்' என்று மட்டும் போட்டுக்கொண்டு அடக்கமாக ஒதுங்கினான் என்பதை நம்புவது கஷ்டம். குருவுக்கு முன்னால் அடக்கம் என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறார்கள். அப்படியானால் அது அவன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்த அடக்கம்.

சித்தன்னவாசலின் கதை இதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குகையைப் புதுப்பித்த செய்தியும், அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பெயரும் அங்கேயே ஒரு கல்வெட்டில் தெளிந்ததும், தாமரைக்குள ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டுக்கு நகர்ந்தன. பக்கத்து வீட்டுச் சொத்து கைமாறியது. குடுமியான்மலைக்கு அப்படி ஓர் இளங்கௌதமன் கல்வெட்டு கிடைக்கவில்லை. அதனால் பட்டா பழைய பெயரிலேயே ஓடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் லூட் என்ற தந்தி வாத்தியம் அரசவையில் கொடிகட்டிப் பறந்தது. பேரிக்காய் வடிவ உடல், அரபு ஊதின் வம்சம். அதில் கோத்தியே என்று இரண்டு பேர், சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள் என்று சொல்வார்கள். மூத்தவர் என்மோன், 1575இல் பிறந்து 1651இல் இறந்தார். இளையவர் தெனி, 1603 முதல் 1672 வரை. மாணவர்கள் கையெழுத்துப் படிகளில் பாட்டைக் குறித்துக்கொண்டு, மேலே 'கோத்தியே' என்று மட்டும் எழுதிப் போய்விட்டார்கள். எழுதியவருக்கு எந்தக் கோத்தியே என்று தெரியும், நமக்குத் தெரியாது. மூத்தவர் தன் உருப்படிகளை அச்சிட அக்கறை காட்டாதவர். இளையவர் பெயரில் வந்த அச்சுப் புத்தகத்தில் இருவர் உருப்படிகளும் இருந்தன. ஒரே உருப்படி ஒரு படியில் மூத்தவருக்கும் இன்னொரு படியில் இளையவருக்கும் சேர்ந்திருக்கும். இன்றுவரை பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கவனிக்க வேண்டிய நாணயம் ஒன்று உண்டு. பிரிக்க முடியாத உருப்படிக்குப் பதிப்பாசிரியர்கள் 'கோத்தியே' என்றே போட்டு, எந்தப் படியில் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். புகழ் கூடியவர் பக்கம் தள்ளிவிடுவதில்லை.

லூட் குறிப்புக்கும் நம் பாறைக்கும் இன்னோர் உறவும் இருக்கலாம். லூட்காரர்கள் எழுதியது ஸ்வரத்தை அல்ல, எந்தத் தந்தியில் எந்த இடத்தில் விரல் வைப்பது என்பதை. குடுமியான்மலையின் ர, ரி, ரு, ரெ என்ன என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. சுருதி வேறுபாடு என்றார்கள் சிலர். ஷட்ஜமும் பஞ்சமமும் நாலு விதமாக வருவதால் அது இடிக்கிறது. வீணையில் மீட்டும் முறை, விரல் வேலை என்றார்கள் வேறு சிலர். லண்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் விட்டெஸ் 1979இல் இந்தக் கல்வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1995இல் வந்த அவர் புத்தகத்திலும் இதற்கு இடம் உண்டு. பாறையிலிருந்து மைப்படிக்கும், மைப்படியிலிருந்து தேவநாகரி அச்சுக்கும் போன ஸ்வரங்கள் அங்கிருந்து மேல்நாட்டுக் கோட்டுக் குறிக்கும் ஏறின.

வீணை சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாவிடம் ஒரு பகுதியைத் தமிழில் எழுதிக் காட்டினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுல தாளம் எங்கப்பா இருக்கு? எங்க நிக்கணும், எதை இழுக்கணும்னு ஒண்ணும் காணோமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா விரலுக்கு நல்லா வருது. நாலு நாலா வந்து ஒரே எடத்துல உக்காருது பாரு. இது பாட்டு இல்ல, பாடம். எங்க குருநாதர் வச்ச வரிசை மாதிரி" என்றார். மாணவர்களின் நன்மைக்காக என்று கல் சொல்வதைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவே இல்லை.

வீணைதான் என்பதற்குப் பாறையே ஒரு குறிப்புத் தருகிறது. விநாயகர் பக்கத்தில் பரிவாதினி என்ற சொல் தனியாக வெட்டப்பட்டிருக்கிறது. அமரகோசத்தின்படி பரிவாதினி ஏழு தந்தி வீணை. திருமயத்திலும் மலையக்கோயிலிலும் இதே சொல் பாறையில் இருக்கிறது. திருமயம் சத்தியகிரீசுவரர் குகையிலும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் அதன் மேலேயே வேறு சாசனத்தை வெட்டியதில், ஸ்வரப் பெயர்கள் சில மட்டும் அங்கங்கே தலைநீட்டுகின்றன. ஆக, ஒரு பாறையில் ஓர் அரசனுக்கு ஒருநாள் வந்த ஆசை அல்ல இது. ஒரு நாள் நடைக்குள் அடங்கும் ஊர்களில், ஒரே வீணையின் பெயரோடு, ஒரு வித்தை சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கலாம். காஞ்சிபுரத்து ராஜா வந்து போனார் என்பதைவிட இது எனக்குப் பெரிய செய்தி. இந்த வட்டாரத்திலேயே ஓர் இசைப் பள்ளி வேர்விட்டிருக்கலாம் என்று நினைக்க இது இடம் தருகிறது, உறுதியாகச் சொல்ல இது போதாது.

அப்படிப் பார்த்தால் ருத்ராச்சாரியார் வெறும் அடைமொழி இல்லை. சார்ங்கதேவர் தரும் பழைய ஆசிரியர் பட்டியலில் ருத்ரடர் என்று ஒருவர் வருகிறார். இருவரும் ஒருவரே என்று சிலர் சொல்வதுண்டு. பெயர் ஒலிப்பு நெருங்கி வருவது போதுமான சான்றாக எனக்குப் படவில்லை. மகேந்திரன் விஷயத்தில் செய்ததையே குருவின் விஷயத்திலும் செய்ய வேண்டாம்.

எட்டிற்கும் ஏழிற்கும் என்ற தமிழ் வரிக்கும் உரைகள் பல. ஏழு தந்தி வீணையிலும் எட்டுத் தந்தியிலும் வாசிக்கலாம் என்பது ஒன்று, ஏழு ராகத்தோடு எட்டாவது ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பது இன்னொன்று. எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது. மேலே உள்ள சமஸ்கிருத முடிவுரை ஆசிரியரையும் அரசனையும் சொல்கிறது. இந்த வரியோ, வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பேசுகிறது. சமஸ்கிருதம் முழுதும் புரியாத, தமிழில் சொன்னால் பிடித்துக்கொள்கிற மாணவனாக அவன் இருந்திருக்கலாம். அதைச் சேர்க்கச் சொன்னவர் அரசனா, ஆசிரியரா, மேற்பார்வை பார்த்த மூத்த மாணவரா, தெரியாது. வகுப்பு எடுத்துப் பழகியவராக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கச்சேரியில் உருப்படிக்கு முன்னால் ராகம், தாளம், இயற்றியவர் என்று அறிவிப்பது வழக்கம். நாளைக்கு யாராவது குடுமியான்மலைக் கைசிகத்தை வீணையில் வாசித்தால் நிகழ்ச்சிப் பட்டியலில் மகேந்திரவர்மன் என்று அச்சடித்துவிடுவார்கள். தாளம் என்ற இடத்தில் கோடு போடலாம். இயற்றியவர் என்ற இடத்தில் 'ருத்ராச்சாரியாரின் மாணவனான ஓர் அரசன்' என்று போட்டால் இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.